பைபாட் உயரத்தைக் கழுத்திடம் கேளுங்கள்

புதிதாக ரைஃபிள் வாங்கியவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால் தாங்கியான பைபாட் எந்த உயரத்தில் வாங்குவது? கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "ஆறு–ஒன்பது வாங்குங்க, எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க." அதாவது, கால்களை உள்ளிழுத்தால் 6 அங்குலம், முழுக்க நீட்டினால் 9 அங்குலம். இதைத் தவறான பதில் என்று தள்ளிவிட முடியாது. சமதரையில் குப்புறப் படுத்துச் சுடும் பலருக்கு அது பொருந்தியும் போகும். ஆனாலும் இந்தப் பதில் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. செருப்புக் கடையில் நம் காலைப் பார்க்காமலே "எட்டாம் நம்பர் எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? பலருக்கு எட்டு சரியாக இருக்கலாம். அளந்து பார்க்க வேண்டிய கால் இங்கே இருக்கும்போது, அதைக் குனிந்து பார்க்கக்கூட ஒருவரும் நினைக்கவில்லையே என்பதுதான் உறுத்தல். பைபாட் விஷயத்தில் அந்தக் கால், படுத்திருப்பவரின் உடம்பு. குறிப்பாகக் கழுத்து.

ஒலிம்பிக்கில் பார்க்கும் ரைஃபிள் போட்டிகளில் பைபாடுக்கு இடமில்லை. அங்கே படுத்துச் சுடுபவர் தோள்வாரை இறுக்கிக் கட்டி முன்கையையே தாங்கியாக்குகிறார். அந்த முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும் என்று விதியே இருப்பதால், எவ்வளவு தாழலாம் என்ற கேள்விக்கு அங்கே ஒரு வரம்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பைபாட் புழங்குவது வேறு இடங்களில்: வேட்டை, பல நிலைகளிலிருந்து தொலைதூரக் குறிகளைச் சுடும் பி.ஆர்.எஸ். வகைப் போட்டிகள், நெடுந்தூரக் குறியைப் படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ். இதில் எஃப்-கிளாஸின் பிறப்பே நம் விஷயத்தோடு சேர்ந்தது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹர்சன் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'எஃப்'. வயது ஏற ஏற, வாரை இறுக்கிக் கட்டி இரும்புக் குறிகாட்டி வழியாகப் பார்த்துச் சுடுவது முடியாமல் போகும். அப்படிப்பட்டவர்களும் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தாங்கியும் வைத்துத் தொடர்ந்து சுடட்டும் என்பதே அதன் தொடக்கம். உடம்புக்கு இடம் கொடுக்கப் பிறந்த போட்டியில் வந்து நின்றுகொண்டு, உடம்பைக் கேட்காமல் பைபாட் உயரத்தை முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாழ்வுக்கு உள்ள நியாயம்

முதலில் ஆறு–ஒன்பதின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பார்லோ என்ற சிற்றூரிலிருந்து வரும் ஹாரிஸ் பைபாடுகள்தான் இந்த எண்களைப் பேச்சுவழக்காக்கியவை. அவர்கள் வரிசையில் 'பிஆர்' என்றால் 6–9, 'எல்' என்றால் 9–13, '25சி' என்றால் 13.5–27 அங்குலம். முன்னால் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் துப்பாக்கியை இடவலமாகச் சாய்த்து மட்டம் பிடிக்கலாம். பின்னால் 'எம்' இருந்தால் காலில் வெட்டுப்பற்கள் உண்டு. நீட்டிய கால் பல்லில் விழுந்து நிற்கும். வெட்டுப்பல் இல்லாத வழவழப்பான காலைத் திருகி இறுக்க வேண்டும். சரியாக இறுக்காவிட்டால் சுடச்சுட மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கும். காசு கொடுத்து வாங்கும்போது இந்த இரண்டு எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள்.

தாழ்ந்த பைபாட் உறுதியாக நிற்பதற்குக் காரணம் எளிது. ஒரு கம்பியின் ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையைத் தள்ளினால் அது வளையும் அளவு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதே தடிமனில் நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. பைபாட் காலோ உள்ளுக்குள் நுழையும் குழாய். நீட்டும்போது வெளியே வருவது மெல்லிய பகுதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் ஆட்டமும் இருக்கும். இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒரு விஷயம் கிடைக்கிறது. உங்களுக்குத் தேவை சரியாக 9 அங்குலம் என்றால், முழுக்க நீட்டிய 6–9ஐவிட முழுக்க மடக்கிய 9–13 தான் கெட்டியாக நிற்கும். பெட்டியில் இரண்டுமே 9 என்று சொன்னாலும் அவை ஒன்றல்ல.

அகலமும் உயரத்தோடு சேர்ந்தது. குழலுக்குள் வலமாகச் சுழன்று செல்லும் குண்டு, துப்பாக்கியை எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். பாதங்கள் அகன்றும் குழல் தாழ்ந்தும் இருந்தால் அந்த முறுக்கு அடங்கிவிடும். எஃப்-கிளாஸின் டி.ஆர். (டார்கெட் ரைஃபிள்) பிரிவில் பைபாட், ஸ்கோப் எல்லாம் சேர்த்தே 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே போய்ப் பார்த்தால், கைகளை விரித்துத் தரையில் படுத்த நண்டு மாதிரி அகலமான, சறுக்குப் பாதம் வைத்த பைபாடுகளாகவே இருக்கும். எடைக்கட்டுக்குள் உறுதியைத் தேடியவர்கள் வந்துசேர்ந்த வடிவம் அது.

அந்த உறுதி எவ்வளவு நுணுக்கமாகத் தேவைப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பைபாட் பாதத்துக்கும், தோளில் பதியும் பின்கட்டையின் அடியில் வைக்கும் மணல்பைக்கும் இடையே சுமார் 70 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்முனை 1 மி.மீ. அசைந்தால் 100 மீட்டரில் குறி 14 செ.மீ. நகர்ந்துவிடும். 1000 கஜத்தில் எஃப்-கிளாஸின் உள்வட்டம் ஏறக்குறைய 5 அங்குல விட்டம் உடையது. அந்த வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குக் குறி நகரப் பின்கட்டை எவ்வளவு அசைய வேண்டும் தெரியுமா? 0.1 மி.மீ. நாம் அன்றாடம் எழுதும் வெள்ளைத் தாளின் கனம். அந்தத் தாளின் கனத்தைக் காப்பாற்ற வேண்டியவர் படுத்திருப்பவர். அவருடைய கன்னம், தோள், கழுத்து, மூச்சு எல்லாம் அந்தப் பின்முனையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

கழுத்து தோற்கும் இடம்

குப்புறப் படுத்து நெஞ்சைத் தரையோடு ஒட்டவைத்து நேராக முன்னால் பாருங்கள். கழுத்து பின்னோக்கி மடங்க வேண்டியிருக்கும். நெஞ்சு எவ்வளவு தாழ்கிறதோ அந்த அளவுக்கு மடிப்பு கூடும். பைபாட் தேவைக்குக் கீழே இருந்தால், குழலின் உயரத்துக்குத் தோள் இறங்கியாக வேண்டும், முழங்கைகள் அகன்று விரியும், நெஞ்சு தட்டையாகும், தலை பின்னால் வளையும். முதல் அரை நிமிடத்துக்கு இந்த நிலை மிகவும் கெட்டியாகத் தோன்றும். தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கிறோம் அல்லவா? நான்கைந்து நிமிடம் கழித்துப் பின்கழுத்தில் சின்னதாக ஒரு கனம் தொடங்கும். படுத்திருப்பவர் ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் தலையைத் தூக்கி ஆற்றிக்கொள்வார். திரும்பக் கன்னத்தை வைக்கும்போது அதே இடத்தில், அதே அழுத்தத்தில் வைக்க முடியாது. தாளில் குண்டுகள் மேலும் கீழுமாக விழத் தொடங்கும். தோட்டாவைக் குற்றம் சொல்வார்கள், வெடிமருந்தின் எடையைச் சந்தேகிப்பார்கள், ஸ்கோப்பின் திருகுகளைத் திரும்பத் திரும்ப இறுக்குவார்கள். வலிக்கிற கழுத்தின் மேல் மட்டும் சந்தேகம் வராது.

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தலை போதுமான அளவு நிமிராதபோது கண் மேல்நோக்கிச் சுழன்று பார்க்கிறது. அப்போது பார்வை கண்ணாடிச் சில்லின் நடுவே செல்லாமல், மூக்கை ஒட்டிய மேல்மூலை வழியாகச் செல்லும். அங்கே சில்லின் சக்தி சரியாக இருக்காது, உருவம் இழுபடும், சிலருக்குக் கண்ணாடிச் சட்டமே குறுக்கே வந்து நிற்கும். பைபாடை ஒரு அங்குலம் ஏற்றினால் மார்பும் தலையும் அந்த அளவுக்கு நிமிர்ந்து, கருவிழி சில்லின் நடுவை நோக்கி வரும். ஸ்கோப்பில் குறுக்குக்கோடு மங்கலாகத் தெரிகிறது என்று கண் மருத்துவரிடம் போவதற்கு முன் இந்த ஒரு அங்குலத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

அதற்காக ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. தேவைக்கு மேலே போனால் நெஞ்சு தரையை விட்டு எழும்பும், எடையெல்லாம் முழங்கைக்கு வரும், தோள்பட்டைத் தசை வேலை செய்யத் தொடங்கும். வேலை செய்யும் தசை நடுங்கும். பின்கட்டைக்கும் தரைக்கும் இடைவெளி கூடி, பின்பையின் மேல் இன்னொரு பை அடுக்க வேண்டிவரும். முன்னால் ஏறும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பின்னால் ஒரு அங்குலம் ஈடு கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. கையால் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யும் பையில் இரண்டு மூன்று செ.மீ. வரைதான் விளையாட்டு இருக்கும். அதற்கு மேல் போனால் பை குடை சாய்ந்த கூடை மாதிரி ஆடும்.

புத்தக அடுக்கு

ஆக, மேலும் போகக் கூடாது, கீழும் போகக் கூடாது என்றால் நடுவில் உள்ள அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பைபாடே இல்லாமல்தான். வீட்டில் உள்ள தடித்த புத்தகங்கள் போதும். என் பார்வையில் இந்த விஷயம் முழுதும் திரும்பும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, அதை மூடும் போல்ட்டையே வெளியே எடுத்து வேறு அறையில் வையுங்கள். தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்க வேண்டாம். களத்தில் விரிக்கும் அதே பாயை விரித்து, அங்கே போடும் அதே சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரில் குழலின் உயரத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். அவ்வளவு கிட்டத்தில் ஸ்கோப்பில் மங்கலாகத்தான் தெரியும், பரவாயில்லை. ஸ்கோப்பின் தூரம், கன்னத்தட்டின் உயரம், பின்கட்டையின் நீளம் மூன்றும் ஏற்கெனவே படுத்த நிலையில் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். கடைமேசை முன் நின்றபடி பொருத்திய ஸ்கோப் படுத்தவுடன் கண்ணுக்கு நெருங்கிவிடும். தலையைப் பின்னால் இழுத்தபடி சுடுபவர் பைபாட் உயரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த மூன்றையும் முடிக்காமல் உயரத்தை அளப்பது வீண்வேலை.

இப்போது துப்பாக்கி இல்லாமலே படுங்கள். முதுகெலும்பு குறிக்கு நேராக, கால்கள் தோளகலம் விரிந்து, முழங்கைகள் எங்கே தாமாக விழுகின்றனவோ அங்கேயே. ஓய்வாகத் தரையில் கிடந்து புத்தகம் படிக்கும் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சற்றுக் கீழே. இன்னொருவர் துப்பாக்கியை உங்கள் தோள்குழிக்குக் கொண்டுவந்து, முன்கட்டையின் அடியில் பைபாட் பொருத்தும் இடத்துக்கு நேர்கீழே புத்தகங்களை அடுக்கட்டும். 5 அங்குலத்திலிருந்து தொடங்கலாம். பின்பையையும் வையுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழுவட்டமும் தெரிகிறதா, அல்லது ஓரத்தில் கருப்புப் பிறை விழுகிறதா என்று பாருங்கள். பிறையை நீக்கக் கழுத்தை அசைக்க வேண்டியிருந்தால் அந்த உயரம் உங்களுடையதில்லை. ஒரு மெல்லிய புத்தகம் கூட்டுங்கள். திரும்பக் கண்ணை மூடுங்கள். சரியான இடத்தைத் தாண்டி, முழங்கையில் எடை ஏறத் தொடங்கும்வரை போய்விட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வாருங்கள்.

இதில் பலர் அவசரப்படும் இடம் ஒன்றுண்டு. நன்றாக இருக்கிறது என்று தோன்றிய உடனே எழுந்து அளந்துவிடுகிறார்கள். அரை நிமிடத்துக்கு எல்லா உயரமும் நன்றாகத்தான் இருக்கும். அங்கேயே பத்து நிமிடம் கிடக்க வேண்டும். வெறும் விசையைத் தொட்டபடி, கன்னத்தை எடுக்காமல். எஃப்-கிளாஸில் ஒரு சுற்றின் 15, 20 குண்டுகளைச் சுட்டு முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம், காற்றுக்காகக் காத்திருந்தால் இன்னும் அதிகம். பத்தாவது நிமிடத்தில் கழுத்து என்ன சொல்கிறது என்பதுதான் பதில். அநேகமாக "இன்னும் கொஞ்சம் மேலே" என்று சொல்லும். முதல் நிமிடத்தில் தேர்ந்தெடுத்த உயரத்துக்கும் பத்தாவது நிமிடத்தில் கேட்கும் உயரத்துக்கும் நடுவே ஒரு அங்குலம்கூட வித்தியாசம் வரலாம். ஆறு–ஒன்பது என்று கண்ணை மூடிச் சொல்லும்போது நாம் தவறவிடுவது அந்த ஒரு அங்குலத்தைத்தான்.

பைபாட் பொருந்தும் இடத்தின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்யுங்கள். மூன்றும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் அது உங்கள் எண். பைபாடை மாட்டுவதற்காகக் கூடுதலாகப் பொருத்தப்போகும் பிக்காட்டினி ரெயிலோ ஆர்கா தகடோ (இரண்டும் இணைப்புப் பட்டைகள்) இருந்தால் அதன் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், ஒரு செ.மீ. அளவுக்கு அது உயரத்தைத் தின்னும்.

தரை சமமாக இருப்பதில்லை

வீட்டுத் தரையில் கண்டுபிடித்த எண்ணை அப்படியே வாங்கிவிடவும் கூடாது. களத்தில் மண் சரியும். குறி எதிரே நம் மட்டத்தில் இருக்க, நாம் படுத்திருக்கும் தரை முன்னால் 10 பாகை இறங்குகிறது என்று வையுங்கள். 70 செ.மீ. தூரத்தில் அது 12 செ.மீ. பள்ளம், கிட்டத்தட்ட 5 அங்குலம். உங்கள் எண் 8 என்றால் அங்கே 13 வேண்டும். அதோடு உடம்பும் தலைகீழாகச் சரிந்திருப்பதால் கழுத்து இன்னும் 10 பாகை கூடுதலாக மடங்கும். ஆகவே சரிவில் கீழ்நோக்கிப் படுப்பது இரண்டு பக்கமும் அடி. எதிர்மாறாகத் தரை முன்னால் ஏறினால் 8 அங்குலம் 3 ஆக வேண்டும். அவ்வளவு தாழும் பைபாட் பெரும்பாலும் கிடையாது. 4.75 அங்குலம்வரை இறங்கும் அட்லஸ் போன்ற பைபாடுகளில் கால்களை 45 பாகை முன்னோ பின்னோ சாய்த்து இன்னும் தாழ்த்தலாம், 20 செ.மீ. உயரக் கால் அந்தச் சாய்வில் 14 ஆகிவிடும். அதுவும் போதாதென்றால் பின்பையை உயர்த்த வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும்.

அதனால் என் கணிப்பு இது: உங்கள் எண் பைபாடின் எல்லைகளில் எந்த விளிம்பிலும் விழக் கூடாது. கீழே ஒரு அங்குலமும் மேலே இரண்டு அங்குலமும் மிச்சம் இருக்க வேண்டும். 7 என்று வந்தவர் தயங்காமல் 6–9 வாங்கலாம். 8.5 வந்தவருக்கு 6–9 என்பது மைதானத்தில் மட்டும் பொருந்தும் சட்டை; முதல் சரிவிலேயே மாட்டிக்கொள்வார். 10 வந்தவர் 9–13. விளிம்பில் இருப்பவர்களிடம், சிமென்ட் மேடை போட்ட களத்தில் மட்டும் சுடுவீர்களா, புல்லிலும் மண்ணிலும் படுப்பீர்களா என்று கேட்பேன். மேடையென்றால் தாழ்ந்தது, மண்ணென்றால் உயர்ந்தது.

உடம்புக்கும் தரைக்கும் அடுத்து மூன்றாவதாகப் பேச்சில் நுழைவது மேகசின். ஏஆர்-15 வகை ரைஃபிளில் 30 தோட்டா மேகசின் போட்டுவிட்டு 6–9ஐ மாட்டினால் மேகசினே தரையில் இடித்து மூன்றாவது காலாகிவிடும். சுடும்போது துப்பாக்கி அதன் மேல் உருளும். குட்டை மேகசினா, உயர்ந்த பைபாடா என்பதை அங்கே முடிவு செய்தாக வேண்டும். இதற்கு நேர்மாறான தீர்வு பழைய ப்ரென் இயந்திரத் துப்பாக்கியில் இருந்தது. செக் நாட்டின் ப்ருனோவில் பிறந்த வடிவத்தை இங்கிலாந்தின் என்ஃபீல்டில் எடுத்துச் செய்தது அது. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தே ப்ரென். நம் ஊர் இஷாபூரிலும் செய்யப்பட்டது. அதன் மேகசின் மேல்பக்கம் நிற்கும். கீழே இடிக்க எதுவும் இல்லாததால் சுடுபவர் தரையோடு ஒட்டிக் கிடக்கலாம்.

உட்கார்ந்து சுடும் உயரம் தனிக்கணக்கு. 13.5–27 அதற்கானது. இடுப்பளவு புல்லில் படுத்தால் எதுவும் தெரியாத இடங்களில் வேட்டைக்காரர்களுக்கு வேறு வழியில்லை. 1870களில் அமெரிக்கப் புல்வெளியில் எருமை வேட்டையாடியவர்கள் இரண்டு கம்புகளைக் குறுக்கே கட்டி, அதன் கவையில் குழலை வைத்து உட்கார்ந்தபடி சுட்டார்கள். மரமே இல்லாத திபெத்தியப் பீடபூமியில் பழைய திரித் துப்பாக்கிகளோடு மடக்கக்கூடிய இரட்டைக் கவைக்கால் சேர்ந்தே இருந்தது, முனையில் மான்கொம்பு. இவர்கள் எல்லோரும் நீளமான காலின் ஆட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள். ஆனால் அந்த நீளக்காலியை வாங்கி வந்து, குப்புறப் படுத்துச் சுடவும் அதுவே போதும் என்று நினைப்பது சரிவராது. முழுக்க மடக்கினாலும் 13.5 அங்குலம் பலருக்கு நெஞ்சைத் தூக்கிவிடும்.

ஒரு பாகைச் சாய்வு

உயரம் கிடைத்த பிறகும் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பாதங்களுக்கு இடையே 25 செ.மீ. அகலம் என்றால், ஒரு பாதத்தின் அடியில் கிடக்கும் 4 மி.மீ. கூழாங்கல் துப்பாக்கியை ஏறக்குறைய 1 பாகை சாய்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. 100 மீட்டரில் ஒன்றும் ஆகாது. 1000 கஜத்துக்கு 10 மில் (ஒரு மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்றம் வைத்துச் சுடும் .308இல் அதே 1 பாகை குண்டைப் பக்கவாட்டில் சுமார் 16 செ.மீ. தள்ளும். உள்வட்டத்துக்கு வெளியே, அதற்கடுத்த வட்டத்துக்கும் வெளியே. காற்றை ஒழுங்காகப் படித்தவர் தன் கணிப்பையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். ஸ்கோப்பின் மேல் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழும், சாய்வைச் சரிசெய்யும் வசதியுள்ள பைபாடும் இதற்காகத்தான். சாய்க்கும் அச்சை இறுக்கும் திருகை ஒரேயடியாக முறுக்கிவிடாமல், கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும் என்ற அளவில் வையுங்கள்.

சுடும்போது உயரம் சரியா என்பதைத் தாளைவிட ஸ்கோப் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். விசை விட்ட பிறகும் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். குறி நேரே மேலெழுந்து அதே இடத்துக்குத் திரும்பி இறங்கினால் எல்லாம் பொருந்தியிருக்கிறது. பக்கவாட்டில் துள்ளினால் உடம்பு கோணலாகக் கிடக்கிறது. உயரத்தைத் தொடாதீர்கள், இடுப்பை நகர்த்துங்கள். கால்கள் தரையை விட்டு எகிறிக் குதித்தால் முன்சுமை போதவில்லை. தோளால் துப்பாக்கியை மெல்ல முன்னே தள்ளிக் கால்களின் ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவே. இதிலும் உயரம் குறுக்கிடும்: கால் நீளமானால் அதே தள்ளலுக்கு அதிகம் வளைந்து, தள்ளும் அளவு குண்டுக்குக் குண்டு மாறும். சிமென்ட்டில் ரப்பர் பாதம் வழுக்கினால் அடியில் ஒரு துண்டுப் பாய் போடுங்கள். இளமண்ணில் பாதம் புதையும், முதல் ஐந்து குண்டில் அரை அங்குலம் தாழ்வது சாதாரணம். சறுக்குப் பாதம் வைத்த எஃப்-கிளாஸ்காரர்கள் இந்த முன்தள்ளலையே செய்வதில்லை. துப்பாக்கி பின்னால் சறுக்கிப் போய் அதே தடத்தில் திரும்ப வரட்டும் என்று லேசாகத் தொட்டு விடுகிறார்கள். அவர்கள் பாடத்தைப் பி.ஆர்.எஸ். களத்துக்கோ அங்கிருந்து இங்கேயோ கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் எண் கிடைத்து, பைபாடும் வந்து, களத்தில் அது நிற்கும் பல்லும் தெரிந்த பிறகு, இரண்டு கால்களிலும் அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டுவையுங்கள். குளிர்நாட்டில் இருப்பவர்கள் பனிக்காலத்துக்கு இன்னொரு கோடு போட வேண்டிவரலாம். தடித்த ஜாக்கெட் போட்டுப் படுக்கும்போது நெஞ்சு தானாகவே உயர்ந்துவிடும், கோடையில் அளந்த எண் அப்போது பொருந்தாது. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, புத்தக அடுக்கின் முன் இன்னொரு பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள்.